பின் சக்கரத்தில் கரகர சத்தம்: லைனர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: டாடா 1613, 2012 மாடல் லாரியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. சங்ககிரியிலிருந்து பெங்களூருக்கு நடை ஓடுகிறது. காலையில் எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்குக் கீச்சென்று சத்தம் வரும், பிறகு நின்றுவிடும். ஒரு வாரமாக ரிட்டர்ன் லோடோடு தொப்பூர் மலை இறக்கத்தில் வரும்போது வலது பின் சக்கரத்தில் இரும்பு உரசுவதுபோல் கரகரவென்று கேட்கிறது. கீழே வந்து நிறுத்திப் பார்த்தால் வலது டிரம் பக்கத்தில் போக முடியாத சூடு, இடது டிரம் வெதுவெதுப்புதான். மெக்கானிக் "பேட் போயிடுச்சு, வலது பக்கம் மட்டும் மாத்திடலாம்" என்கிறார். கடைகளில் பின் பேட் என்று கேட்டால் மூன்று கடையில் மூன்று விதமாக எடுத்துக் காட்டுகிறார்கள். ஒரு கடைக்காரர் ஸ்டாண்டர்டா, ஓவர்சைஸா என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எதை வாங்குவது? அடுத்த மாதம் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) இருக்கிறது. அதுவரை இப்படியே ஓட்டலாமா?
- ஒரு வாசகர், சங்ககிரி

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ஓட்டக் கூடாது. காலையில் வரும் கீச் சத்தத்தோடு நாலு நாள் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. இரவுப் பனியில் டிரம்மின் உள்பக்கம் லேசாகத் துரு பிடிக்கும், இரண்டு பிரேக்கில் அது தேய்ந்து போய்விடும். கரகர சத்தம் அப்படியல்ல. இரும்பும் இரும்பும் உரசுகின்றன என்பதுதான் அதற்கு அர்த்தம். பிரேக் ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனர் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை டிரம்மில் பட்டிருக்கலாம், அல்லது லைனர் ஒரு துண்டு உடைந்து விழுந்து ஷூவே உரசிக்கொண்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் லோடு ஏற்றி இன்னொரு முறை தொப்பூர் இறங்க வேண்டாம். லைனரோடு முடிய வேண்டிய செலவு டிரம்மையும் சேர்த்து வாங்கும் செலவாகிவிடும் என்பது ஒரு பக்கம். அந்த இறக்கத்தில் சூடேறிய டிரம்மில் பிரேக் பிடிக்காமல் போனால் முன்னால் போகிறவருக்கும் சேர்த்து ஆபத்து.

அடுத்தது, கடையில் ஏன் குழப்பம் வந்தது என்பது. உங்கள் வண்டியின் பின் சக்கரத்தில் பேட் என்ற சாமானே கிடையாது. பேட் என்பது டிஸ்க் பிரேக்கில் வருவது. டாடா ஏஸ், பொலிரோ பிக்கப் மாதிரி சின்ன வண்டிகளில்கூட முன்னால்தான் பேட், பின்னால் டிரம்மும் ஷூவும்தான். உங்களுடையது முழு ஏர் பிரேக், எஸ்-கேம் டிரம். பிரேக்கில் காலை வைத்ததும் சேம்பர் என்ற காற்று அறைக்குள் காற்று போய் புஷ் ராட் என்ற கம்பியைத் தள்ளும், அது ஸ்லாக் அட்ஜஸ்டர் (சுருக்கமாக ஸ்லாக்) என்ற நெம்புகோலைத் திருப்பும், அதோடு சேர்ந்து கேம் ஷாஃப்ட் திரும்பும், அதன் முனையில் இருக்கும் எஸ் வடிவக் கேம் இரண்டு ரோலர்களையும் விலக்கி ஷூக்களை டிரம்மின் உள்பக்கம் அழுத்தும். அந்த ஷூவின் மேல் ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பதுதான் லைனர். கடையில் "பின் ஆக்சிலுக்கு பிரேக் லைனர் செட், ரிவெட்டோடு" என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு வண்டியைப் பிரித்து அளக்க வேண்டும். அதற்கும் முன்னால், நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் சத்தம் அல்ல, சூடு. வலது டிரம் கொதிக்கிறது, இடது டிரம் வெதுவெதுப்பு. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வலது பக்கம் பிரேக் விடுபடாமல் இழுத்துக்கொண்டே ஓடுகிறது. இரண்டு, இடது பக்கம் வேலையே செய்யவில்லை, அதன் பங்கையும் வலது பக்கம் சுமக்கிறது. இரண்டாவதாக இருந்தால் சத்தம் வருவது வலது சக்கரத்தில், பழுது இருப்பது இடது சக்கரத்தில். மெக்கானிக் சொன்னபடி வலது பக்கம் மட்டும் லைனர் மாற்றினால், புது லைனரும் அதே வேகத்தில் தேய்ந்து சில மாதத்தில் இதே சத்தம் திரும்ப வரும்.

எது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. வண்டி வெறுமையாக, டிரம்கள் நன்றாக ஆறிய பிறகு, சமதளமான, நடமாட்டம் குறைந்த சாலையில் மெதுவாக ஐந்து கிலோமீட்டர் போங்கள். முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். உடனே இரண்டு பின் டிரம்களின் சூட்டையும் பாருங்கள். கை வைக்காதீர்கள். துப்பாக்கி மாதிரி பிடித்து அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது, லாரி வைத்திருப்பவர் ஒன்று வாங்கி கேபினில் போட்டு வைப்பது நல்லது. பிரேக்கே போடாமல் வலது டிரம் சூடாகியிருந்தால் அது இழுக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி ஆறியிருந்தால் இடது பக்கம்தான் சோம்பேறி.

இழுக்கிறது என்றால் பார்க்க வேண்டியவை: ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்ததா, உடைந்ததா, கேம் ஷாஃப்ட் புஷ்ஷில் கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டதா, ஸ்லாக்கை யாராவது அளவுக்கு மீறி முறுக்கி வைத்திருக்கிறார்களா, பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங் முழுதாக விடுபடுகிறதா. கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. பின் சக்கரத்து சேம்பரில் இரண்டு அறை இருக்கும். ஒன்று காலில் போடும் பிரேக்குக்கு, மற்றதில் பலமான ஸ்பிரிங் இருக்கும். பார்க்கிங் பிரேக்கை எடுத்ததும் காற்று போய் அந்த ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்தால்தான் சக்கரம் விடுபடும். சேம்பருக்குள் உள்ள ரப்பர் தகடான டயஃப்ரம் லேசாகக் கசிந்தாலோ டேங்கில் காற்று குறைவாக இருந்தாலோ ஸ்பிரிங் பாதி விடுபட்ட நிலையில் நின்று, ஷூ டிரம்மை வருடிக்கொண்டே ஓடும்.

இடது பக்கம் வேலை செய்யவில்லை என்றால் முதல் சந்தேகம் ஸ்லாக் தளர்ந்திருப்பது. அடுத்தது, ஆக்சில் ஆயில் சீல் கசிந்து லைனரில் எண்ணெய் ஊறியிருப்பது. சக்கரத்தின் உள்பக்கம் டயரிலும் டஸ்ட் கவரின் அடியிலும் எண்ணெய்க் கறை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, சேம்பர் பக்கம் காது கொடுத்தால் டயஃப்ரம் கிழிந்திருந்தால் உஸ்ஸென்று கேட்கும்.

இப்போது ஸ்ட்ரோக், அதாவது பிரேக் போடும்போது புஷ் ராட் நகரும் தூரம், அளப்பது. பத்து நிமிட வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் லைனர் மாற்றும் பட்டறைகள்தான் அதிகம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். காற்று முழுதாக ஏறட்டும், பிறகு இன்ஜினை அணைத்துவிடுங்கள். பார்க்கிங் பிரேக்கை எடுத்துவிட வேண்டும். அது போட்டிருந்தால் புஷ் ராட் ஏற்கெனவே வெளியே வந்திருக்கும், அளவு தப்பாகும். சேம்பரின் முகத்தை ஒட்டி புஷ் ராடில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். உடன் இருப்பவரை பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், கேஜில் காற்றழுத்தம் ஆறிலிருந்து ஏழு கிலோ இருக்க வேண்டும். கோடு சேம்பரிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று ஸ்கேலால் அளந்து கொள்ளுங்கள். சேம்பரின் மேல் டைப் எண் பொறித்திருக்கும். சாதாரண ஸ்ட்ரோக் உள்ள டைப் 24 என்றால் 44 மி.மீ., டைப் 30 என்றால் 51 மி.மீ. எல்லை. அதைத் தாண்டினால் ஸ்லாக்கைச் சரிசெய்தே ஆக வேண்டும். எல்லைக்குள் இருந்தாலும், வலது 30, இடது 42 என்று இருந்தால் உங்கள் கேள்விக்கான விடை அதிலேயே இருக்கிறது.

உங்கள் வண்டியில் கையால் திருப்பும் ஸ்லாக் அட்ஜஸ்டர் இருக்குமானால், ஆறுமுனைத் தலையைச் சுற்றியுள்ள லாக் சிலீவை ஸ்பேனரால் உள்ளே அழுத்திக்கொண்டு திருப்புங்கள். எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் கேம் ஷாஃப்டின் முனையைப் பாருங்கள். பிரேக் போடும்போது அது எந்தப் பக்கம் திரும்புமோ அதே பக்கம் திரும்ப வேண்டும். லைனர் டிரம்மைத் தொட்டு இறுகும்வரை கொண்டுபோய், அங்கிருந்து கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று பின்வாங்குங்கள். சிலீவ் மறுபடி வெளியே வந்து தலையைப் பிடித்துக்கொண்டதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பிடிக்காவிட்டால் நாலு நடையில் தானாகத் தளர்ந்துவிடும். ஆட்டோ ஸ்லாக், அதாவது தானாகவே சரிசெய்துகொள்ளும் ஸ்லாக், இருந்தால் விஷயம் வேறு. அதை அடிக்கடி கையால் முறுக்குவது பிழை. ஆட்டோ ஸ்லாக் இருந்தும் ஸ்ட்ரோக் எல்லை மீறுகிறது என்றால் ஸ்லாக் கெட்டிருக்கும், அல்லது கேம் புஷ் தேய்ந்திருக்கும். காரணத்தைத் தேடாமல் முறுக்கி அனுப்பினால் ஒரு வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

இந்தச் சோதனைகளை முடித்துவிட்டு டிரம்மைக் கழற்றலாம். இதில் ஒரு எச்சரிக்கை. டேங்கில் காற்று இல்லாதபோது பின் சேம்பரின் ஸ்பிரிங்தான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும், டிரம் வெளியே வராது. சேம்பரின் பக்கவாட்டில் ஒரு கேஜிங் போல்ட் செருகியிருக்கும். அதை எடுத்துப் பின்னால் உள்ள துளையில் விட்டு, கால் சுற்று திருப்பிப் பிடிக்க வைத்து, நட்டை முறுக்கினால் ஸ்பிரிங் சுருங்கி பிரேக் விடுபடும். போல்ட் தொலைந்துபோயிருந்தால் வாங்கி வந்து செய்யுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஸ்பிரிங் அறையைச் சுற்றியுள்ள கிளாம்பைக் கழற்றக் கூடாது. உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். பழைய சேம்பரைக் காயலான் கடையில் போடும்போதுகூட இது பொருந்தும்.

ஆக்சிலை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்தி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள். டிரம்மைத் திறந்ததும் ஏர் ஹோஸை எடுத்து ஊதித் தள்ளுவது நம் பட்டறைகளில் வழக்கம். தயவுசெய்து நிறுத்துங்கள். பழைய லைனர்களில் கல்நார் இருக்கலாம், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அந்தத் தூள் நுரையீரலில் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். பட்டறையில் வேலை பழகும் பையன்கள்தான் அந்தத் தூளை அதிகமாகச் சுவாசிக்கிறார்கள். முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது பெரிய செலவு இல்லை.

திறந்தாகிவிட்டது. ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு ஷூ, ஷூவுக்கு இரண்டு துண்டு லைனர் என்று நான்கு துண்டு இருக்கும். தேய்மானம் எப்படி இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். காரணம் முழுதும் அதில் எழுதியிருக்கும். எல்லாத் துண்டும் ஒரே சீராகத் தேய்ந்து ரிவெட்டை நெருங்கியிருந்தால் ஓடித் தேய்ந்தது, அவ்வளவுதான். ரிவெட் தலைக்கு மேல் 1 மி.மீ. கூட இல்லை என்றால் அது முடிந்த லைனர். ஷூவின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து மறு ஓரம் தடிமனாக இருந்தால் கேம் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் சாய்கிறது, அல்லது டிரம் வாய் விரிந்து போயிருக்கிறது. ஒரு ஷூ முழுதும் தேய்ந்து, எதிர் ஷூ புதுசுபோல் இருந்தால் ஷூவின் மறுமுனையைத் தாங்கும் ஆங்கர் பின் இறுகியிருக்கிறது, இல்லையென்றால் அந்தப் பக்கத்து ரோலர் சுழலவில்லை. லைனரின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் அதிகச் சூட்டில் இறுகிவிட்டது, கீச் சத்தம் அதிலிருந்தும் வரும். லைனருக்கும் ஷூவுக்கும் நடுவில் துரு ஏறிக் கனத்து, லைனரை அடியிலிருந்து தூக்கி விரிசல் விடவைத்திருப்பதையும் பழைய வண்டிகளில் பார்க்கலாம்.

எண்ணெய் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி, கொளுத்தி, எமரி ஷீட் போட்டுத் திரும்ப மாட்டுகிறார்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும். தொப்பூரில் சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வரும், அந்த இடத்தில் பிரேக் வழுக்கும். எண்ணெய் பட்டால் அந்த ஆக்சிலின் எட்டுத் துண்டையும் மாற்றுங்கள். கசியும் சீலையும் அப்போதே மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் புது லைனரும் ஊறும்.

வலது பக்கம் மட்டும் மாற்றலாமா என்றால், கூடாது. ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் புது லைனர், மறுபக்கம் பழசு என்றால் இரண்டும் ஒரே அளவு பிடிக்காது. மழை நாளில் வெறும் வண்டியில் அழுத்திப் பிரேக் போட்டால் ஒரு பக்கம் முதலில் பூட்டி, பின்பக்கம் வீசும். கம்பெனி மாறினாலும் இதேதான். எனவே வலது, இடது இரண்டுக்கும் எட்டுத் துண்டு, ஒரே தயாரிப்பு, ஒரே கிரேடு.

இனி ஸ்டாண்டர்டா, ஓவர்சைஸா என்ற கேள்வி. அந்தக் கடைக்காரர் சரியான கேள்விதான் கேட்டிருக்கிறார். விடை லைனரில் இல்லை, டிரம்மில் இருக்கிறது. இந்த வகை வண்டிகளில் பின் டிரம் பெரும்பாலும் 410 மி.மீ. உள்விட்டம். ஆனால் செகண்ட் ஹேண்ட் வண்டியில் முன்னால் இருந்தவர் டிரம்மை லேத்தில் கொடுத்து எத்தனை முறை கடைந்தாரோ தெரியாது. உள்விட்டத்தை அளக்கத் தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு திசையில், வாய்ப்பக்கம் ஒரு முறை, அடிப்பக்கம் ஒரு முறை என்று நாலு அளவு எடுக்கச் சொல்லுங்கள். குறுக்களவுகள் வேறுபட்டால் டிரம் முட்டை வடிவமாகிவிட்டது. மெதுவாகப் பிரேக் போடும்போது சக்கரம் சுற்றுகிற தாளத்தில் வண்டி உதறினால் காரணம் இதுதான். வாய்ப்பக்கமும் அடிப்பக்கமும் வேறுபட்டால் வாய் விரிந்திருக்கிறது.

ஏன் இந்த அளவு முக்கியம்? லைனரின் வெளிவளைவும் டிரம்மின் உள்வளைவும் பொருந்த வேண்டும். கடைந்து பெரிதான டிரம்மில் ஸ்டாண்டர்ட் லைனர் போட்டால் நடுப்பகுதி மட்டும் தொடும். பிடிப்பு குறையும், அந்த இடம் மட்டும் எரியும். கடையாத டிரம்மில் ஓவர்சைஸ் லைனர் போட்டால் நேர் எதிர், இரண்டு ஓரங்களும் முதலில் கடிக்கும், கீச்சிடும், சட்டென்று பிடிக்கும். புது லைனர் போட்ட மறுநாளே சத்தம் என்று வரும் வண்டிகளில் இந்த அளவுப் பிழையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டிரம்மைக் கடைந்த அளவுக்கு ஏற்ப முதல் ஓவர்சைஸ், இரண்டாம் ஓவர்சைஸ் என்று லைனர் வருகிறது. எனவே வரிசை இதுதான்: முதலில் டிரம்மை அளந்து, தேவையானால் கடைந்து, கடைசியாக எவ்வளவு வந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் லைனர் கடைக்குப் போக வேண்டும். லைனரை வாங்கி வந்துவிட்டு டிரம்மைக் கடையக் கொடுத்தால் கையில் இருப்பது தப்பான சைஸ்.

கடைய முடியுமா என்பதற்கும் எல்லை உண்டு. அதிகபட்ச உள்விட்டம் பெரும்பாலும் டிரம்மின் மேலேயே வார்ப்பில் எழுதியிருக்கும், துருவைச் சுரண்டிப் பாருங்கள். கடைந்த பிறகு வரும் அளவு அந்த எல்லையைத் தொடக்கூட விடாதீர்கள், இனி தேயவும் இடம் வேண்டும் அல்லவா. மெல்லிய டிரம் சூட்டைத் தாங்காது, விரியும். அதோடு லைனரும் தேயும்போது கேம் அளவுக்கு மீறித் திரும்பி, ரோலரைத் தாண்டிப் போய்ச் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. அப்படி ஆனால் ஓடும்போதே சக்கரம் பூட்டிக்கொள்ளும். உள்பக்கம் மயிரிழைபோல் மேலாக ஓடும் சின்னச் சின்னக் கோடுகள் சூட்டால் வருவது, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. விளிம்புவரை ஓடும் விரிசல், வெளிப்பக்கம் தெரியும் விரிசல் என்றால் டிரம் காயலான் கடைக்குத்தான். ரிவெட் உரசி விழுந்த காடி ஆழமாக இருந்தாலும், கடைந்து எடுத்தால் எல்லையைத் தாண்டும் என்றாலும் அதே முடிவு. நீலம் பூத்த திட்டுகள் இருந்தால் அந்த இடத்தில் இரும்பு கெட்டிப்பட்டுவிட்டது. கடையும்போது டூல் அதன் மேல் ஏறிக் குதிக்கும், மேடு அப்படியே நின்றுவிடும். கடைவதாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் கடையுங்கள்.

கடைக்குப் போகும்போது ஆர்சி நகலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள சேஸிஸ் எண்ணை வைத்துத்தான் பார்ட் நம்பரைச் சரியாக எடுக்க முடியும். 1613 என்பது மட்டும் போதாது, ஒரே பெயரில் வெவ்வேறு வருடம் வெவ்வேறு ஆக்சில் வந்திருக்கும். பழைய வண்டியில் ஆக்சிலையே யாராவது மாற்றியிருக்கவும் கூடும். அதனால் பழைய ஷூ ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். லைனரின் அகலம், வளைவின் நீளம், ரிவெட் துளை எத்தனை, எந்த வரிசையில் என்பதைப் புது லைனரை ஷூவின் மேல் வைத்தே ஒப்பிட்டுவிடலாம். முன் லைனர் பின் லைனர் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும், அகலம் வேறு. உங்களுக்கு மூன்று கடையில் மூன்று விதமாகக் காட்டியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

டிவிஎஸ் பெயரில் வரும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் பாடியிலும், ராணே பிரேக் லைனிங் அம்பத்தூரிலும் தொடங்கிய கம்பெனிகள். அவர்கள் சரக்கு சேலம், நாமக்கல் கடைகளில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். எந்தக் கம்பெனி வாங்கினாலும் பில் போட்டு வாங்குங்கள், பெட்டியின் சீல் உடையாமல் இருக்கட்டும், லைனரின் விளிம்பில் அச்சடித்திருக்கும் எண் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பெட்டியில் எத்தனை துண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள், நாலாகவும் வரும், எட்டாகவும் வரும். சில லைனர்களின் விளிம்பில் எஃப்எஃப், எஃப்ஜி என்று இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து குளிர்ந்த நிலையில் பிடிப்பு, இரண்டாவது சூட்டில் பிடிப்பு. பிடிப்பைக் காட்டும் உராய்வு எண்ணில் ஈ என்பது 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45 வரை, ஜி 0.45 முதல் 0.55 வரை. அடிக்கடி மலை இறங்கும் உங்களுக்கு இரண்டாவது எழுத்துதான் முக்கியம், அது முதல் எழுத்தைவிடக் கீழே இறங்கக் கூடாது. சத்தம் வராத சாஃப்ட் லைனர் என்று சொல்லி விலை குறைவாகத் தருவதை வாங்காதீர்கள். கல்நார் இல்லாதது என்று பெட்டியில் போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

லைனர் அடிப்பவர் கையிலும் விஷயம் இருக்கிறது. ஷூவைத் துருப் போகச் சுத்தம் செய்து, வளைவு கெடவில்லை, துளைகள் நீளவில்லை என்று பார்த்த பிறகே அடிக்க வேண்டும். புது ரிவெட்தான், நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி. அடித்து முடித்ததும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு லைனருக்கும் ஷூவுக்கும் நடுவே எங்கேயும் நுழையக் கூடாது. துண்டுகள் ஒரு முனை மெலிந்து மறுமுனை தடித்து இருந்தால், மெலிந்த முனை ஷூவின் வெளிமுனைப் பக்கம் வர வேண்டும். திருப்பி அடித்தால் ஓரம் கடித்துச் சத்தம் போடும்.

இவ்வளவு தூரம் பிரித்த பிறகு ரிட்டர்ன் ஸ்பிரிங், ரோலர், ஆங்கர் பின் புஷ், ஆயில் சீல் எல்லாவற்றையும் புதுசாகப் போட்டுவிடுங்கள். லைனர் விலையோடு பார்த்தால் பெரிய தொகை அல்ல. கேம் ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் அசைத்து ஆட்டம் தெரிந்தால் அந்த புஷ்ஷும் மாற வேண்டும். ரோலரின் இரண்டு முனைகளிலும், அது ஷூவில் உட்காரும் இடத்தில் மட்டும், கிரீஸ் தொட்டு வையுங்கள். கேம் தொடும் முகத்தில் தடவக் கூடாது. தடவினால் ரோலர் சுழலாமல் வழுக்கி, ஒரு பக்கம் தட்டையாகிவிடும். கேம் புஷ்ஷுக்கு கிரீஸ் கன் அடிக்கும்போதும் நிறுத்தத் தெரிய வேண்டும், வழிந்து டிரம்முக்குள் போனால் செய்த வேலை அத்தனையும் வீண்.

மாட்டி முடித்து, கேஜிங் போல்ட்டை எடுத்து அதன் இடத்தில் செருகிவிட்டு, காற்றை ஏற்றி, இன்ஜினை அணைத்து, பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முதலில் இறங்கும் அளவை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு கேஜ் 0.2 கிலோவுக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. இரண்டு பக்கமும் ஸ்ட்ரோக்கை மறுபடி அளந்து சமமாக வையுங்கள். வெறும் வண்டியில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை மெதுவாகக் குறைப்பதைப் பதினைந்து முறை, நடுநடுவே ஆறவிட்டுச் செய்தால் லைனர் டிரம்மில் படியும். இந்தச் சமயத்தில் லேசான வாடையும் மெல்லிய உரசல் சத்தமும் வருவது இயல்பு. முதல் 300 கிலோமீட்டருக்குள் லோடோடு தொப்பூர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு இறங்கும்போதும், ஏறிய கியரிலேயே இறங்கி, இன்ஜின் புகையை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்தி, காலைத் தொடர்ந்து வைத்தே இருக்காமல் அழுத்தி விட்டு அழுத்தி விட்டு வாருங்கள்.

லைனர் படிந்து வர வர ஸ்ட்ரோக் கொஞ்சம் நீளும். 500 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப அளந்து ஸ்லாக்கைச் சரிசெய்யுங்கள், தெர்மாமீட்டரால் இரண்டு டிரம்களையும் ஒருமுறை பாருங்கள். அந்த நாலு எண்களையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு எஃப்சிக்கு வண்டியைக் கொண்டுபோங்கள்.